அலுமினியத் துண்டில் வெள்ளி முகடு: மாதிரியின் மாசா, டிடெக்டரின் பழுதா?

கேள்வி:
எங்கள் ஆய்வுக்கூடத்து ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், திரவ நைட்ரஜனால் குளிர்வித்து வந்த பழைய சிலிக்கான்-லித்தியம் டிடெக்டரை எடுத்துவிட்டு, பெல்டியர் முறையில் குளிரும் சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டரை அண்மையில் பொருத்தினோம். அதன் பிறகு, தூய அலுமினியத் துண்டை 15 கிலோவோல்ட்டில் ஆராயும்போதெல்லாம் மாதிரியிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களின் நிறமாலையில் 2.97 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு சிறு முகடு எழுகிறது. மென்பொருள் அதை வெள்ளி என்று குறித்து, அட்டவணையிலும் சேர்த்துவிடுகிறது. டெட் டைம் (முந்தைய துடிப்பைக் கையாள்வதால் டிடெக்டர் புதியதை எண்ணாத நேரம்) 55 விழுக்காடு. பழைய டிடெக்டரில் இதே துண்டு இந்த முகட்டைக் காட்டியதே இல்லை. ஒரு மாணவரின் ஆய்வேட்டுக்கான அளவீடுகளை இதனால் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மறுமொழி 1:
துண்டை வெள்ளிப் பசையால் ஒட்டியிருந்தால், அது விளிம்பில் ஏறியிருக்கக்கூடும். கரி ஒட்டுநாடாவில் ஒட்டி, துண்டின் நடுப்பகுதியில் மீண்டும் எடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
முதலிலிருந்தே கரி நாடாதான் பயன்படுத்துகிறோம். வெள்ளிப் பசை எங்கள் கூடத்தில் இல்லை.

மறுமொழி 2:
அப்படியென்றால் அது வெள்ளி அல்ல, இரண்டு ஃபோட்டான்கள் ஒன்றாக எண்ணப்படுவதால் வரும் கூட்டு முகடு என்றே கருதுகிறேன். அலுமினியத்துக்கே உரிய கே-ஆல்ஃபா எக்ஸ் கதிர் 1.487 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதன் இருமடங்கு 2.974. வெள்ளியின் எல்-ஆல்ஃபா 2.984. இடைவெளி 10 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. மாங்கனீசு கதிரில் ஏறத்தாழ 130 எலக்ட்ரான் வோல்ட் பிரிதிறன் உள்ள டிடெக்டரால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. சிலிக்கானில் ஓர் எலக்ட்ரான்-துளை இணை உருவாக ஏறத்தாழ 3.65 எலக்ட்ரான் வோல்ட் செலவாவதால், ஓர் அலுமினிய ஃபோட்டான் சுமார் 400 இணைகளைத் தருகிறது. துடிப்பைப் பிரித்தறிய முடியாத அளவுக்கு இரண்டு ஃபோட்டான்கள் நெருங்கி வந்துவிட்டால், டிடெக்டர் 800 இணைகளை ஒரே ஃபோட்டானின் கணக்கில் எழுதிவிடும். டிரிஃப்ட் டிடெக்டரின் நேர்மின்வாய் மிகச் சிறியது, மின்தேக்குதிறனும் குறைவு, அதனால் துடிப்புகளை வேகமாக எண்ணும். அந்த வேகத்தை நம்பி நாம் எலக்ட்ரான் கற்றையின் மின்னோட்டத்தை ஏற்றிவிடுவதால், பழைய டிடெக்டரில் மெதுவாக எண்ணியபோது தென்படாத முகடு இப்போது தலைகாட்டுகிறது. இதைப் பழுது என்று சொல்வது அந்தக் கருவிக்கு நியாயமாகாது.

சோதிப்பது எளிது. கற்றை மின்னோட்டத்தைப் பாதியாக்குங்கள். மெய்யான வெள்ளி என்றால் அலுமினிய முகடும் இந்த முகடும் ஒரே விகிதத்தில் பாதியாகும். கூட்டு முகடோ எண்ணிக்கை வீதத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் ஏறத்தாழ கால்பங்காகக் குறையும். மெய்யான வெள்ளி என்றால் உடன் வரவேண்டிய எல்-பீட்டா முகடு 3.15-இல் இருக்கிறதா என்றும் உற்றுப் பாருங்கள். ஆர்கான் அயனியால் மெருகேற்றிய மாதிரி என்றால் மட்டும், 2.957-இல் வரும் ஆர்கானையும் ஐயப்பட வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அயனி மெருகு எதுவும் செய்யவில்லை, 3.15-இலும் எதுவும் இல்லை. மின்னோட்டத்தைக் குறைத்து டெட் டைமை 12 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து, அதற்கேற்ப நெடுநேரம் சேகரித்ததில், முகடு பின்னணியில் கரைந்துவிட்டது. இதைக் கண்டதும், சென்ற வாரம் அதிக மின்னோட்டத்தில் எடுத்த சிலிக்கான் வேஃபரின் நிறமாலையையும் திறந்து பார்த்தேன். அதில் வெள்ளீயம் என்று குறிக்கப்பட்டிருந்த முகடு, சிலிக்கான் கதிரின் இருமடங்கான 3.48-இல் நிற்கிறது, வெள்ளீயத்தின் எல்-ஆல்ஃபாவோ 3.444. அதையும் குறைந்த மின்னோட்டத்தில் நாளை மீண்டும் எடுக்கிறேன்.