ஜெர்மனி: கூட்டு ஊதிய ஒப்பந்தத்துக்குள் வருவோர் விகிதம் 25 ஆண்டுகளாகச் சரிவதை எப்படி வாசிப்பது?

கேள்வி – நெடுவரிசை

ஜெர்மனியில் கூட்டு ஊதிய ஒப்பந்தத்துக்குள் (முதலாளிகள் தரப்பும் தொழிற்சங்கமும் செய்துகொள்வது) வரும் தொழிலாளர் விகிதத்தை நீண்டகால வரைபடமாகப் போட வேண்டும். ஐ.ஏ.பி. ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் பணியிடக் கணக்கெடுப்பில் மேற்குப் பகுதிக்கு 1998-இல் 76 சதவீதம், 2010-இல் 63, 2023-இல் 51 என்று கிடைக்கிறது. கிழக்குக்கு அதே ஆண்டுகளில் 63, 50, 44. ஆனால் வேறோர் அட்டவணையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு என்றுதான் இருக்கிறது. பன்னாட்டுத் தரவுத்தளத்தில் இருப்பதோ வேறு எண். எதை எடுப்பது? சரிவுக்குக் காரணம் தொழிற்சங்க உறுப்பினர் குறைந்ததா, ஆலைகள் போய்ச் சேவைத் துறை வளர்ந்ததா?

பதில் – தொகுதியும் பகுதியும்

நாலில் ஒரு பங்கு என்பது பணியிடங்களின் கணக்கு; 51 என்பது ஆட்களின் கணக்கு. இரண்டும் ஒரே கணக்கெடுப்பிலிருந்தே வரலாம். கேள்வி பணியிடத்திடம்தான் கேட்கப்படுகிறது: துறை ஒப்பந்தமா, நிறுவன ஒப்பந்தமா, எதுவும் இல்லையா? பத்துப் பேருக்குக் குறைவான கடைகளும் பட்டறைகளும் எண்ணிக்கையில் மிக அதிகம், அவற்றில் ஒப்பந்தம் குறைவு. 500 பேருக்கு மேல் உள்ள இடங்கள் சொற்பம், அவற்றில் பெரும்பாலானவை ஒப்பந்தத்துக்குள். ஆகவே மூலத்தரவிலிருந்து நீங்களே கணக்குப் போடுவதானால் பணியிட எடையை (மாதிரியில் உள்ள ஓர் இடம் நாட்டில் எத்தனை இடங்களுக்குப் பிரதிநிதி என்ற எண்) அங்குள்ள ஊழியர் எண்ணிக்கையால் பெருக்கிய பிறகே சதவீதம் எடுக்க வேண்டும். இதை மறந்தால் விடை பாதியாகிவிடும்.

சதவீதத்தின் பகுதியில், அதாவது எந்த எண்ணால் வகுக்கிறோமோ அதில், யார் இருக்கிறார்கள் என்பது அடுத்த சிக்கல். சமூகக் காப்பீட்டுக்கு உட்பட்ட ஒரு ஊழியராவது உள்ள பணியிடம்தான் இந்த மாதிரிக்குள் வரும். ‘பெயாம்டே’ எனப்படும் அரசு அலுவலர்களுக்குச் சம்பளம் சட்டத்தால் நிர்ணயமாகிறது. அவர்களுக்குப் பேர உரிமை இல்லை. நீங்கள் சொன்ன பன்னாட்டுத் தரவுத்தளம் ஓ.இ.சி.டி. (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு) உடையது என்றால், அதில் உள்ள ‘திருத்திய’ விகிதம், இப்படி உரிமையற்றவர்களைப் பகுதியிலிருந்து நீக்கிவிட்டுக் கணக்கிடுவது. திருத்தியதும் திருத்தாததும் ஒரே கோட்டில் கலந்தால், நாட்டில் நடக்காத ஏற்ற இறக்கம் வரைபடத்தில் தெரியும்.

வகுபடும் எண்ணான தொகுதியிலும் ஒரு மிகை உண்டு. பணியிடம் ‘ஆம்’ என்று சொன்னால் அங்குள்ள எல்லோரும் கணக்கில் சேர்கிறார்கள். ஒப்பந்த ஊதிய விகிதங்களுக்கு மேலே தனிச் சம்பளம் வாங்கும் மேலாளர்களும் உள்பட. சரிவின் திசையை இது மாற்றாது, மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டும்.

நீண்ட வரிசைக்கு ஐ.ஏ.பி.யையே பிடித்துக்கொள்ளுங்கள். இடையில் மூலத்தை மாற்ற வேண்டாம். மேற்கையும் கிழக்கையும் கடைசிவரை தனித்தனிக் கோடாக வைத்திருங்கள்.

பதில் – சட்டப்பிரிவு

தொழிற்சங்க உறுப்பினர் குறைந்ததால்தான் வீச்சு (ஒப்பந்தத்துக்குள் வருவோர் விகிதம்) சுருங்கியது என்று எழுதினால் தவறாகும். டி.ஜி.பி. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பில் 1991-இல் சுமார் 118 லட்சம் பேர், 2001-இல் 79 லட்சம், 2023-இல் சுமார் 57 லட்சம். இழப்பின் பெரும்பகுதி முதல் பத்தாண்டில் நடந்துவிட்டது. வீச்சின் சரிவோ அதற்குப் பிறகும் நிற்காமல் தொடர்கிறது. ஜெர்மனியில் துறை ஒப்பந்தத்தை ஒரு பணியிடத்துக்குள் கொண்டுவருவது முதலாளிகள் சங்கத்தில் அந்த நிறுவனம் வகிக்கும் உறுப்பினர் நிலை. சட்டப்படி ஊழியர்களில் தொழிற்சங்க உறுப்பினரை மட்டுமே ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்றாலும், உறுப்பினரல்லாதவரின் வேலை ஒப்பந்தத்திலும் முதலாளியே அதைச் சேர்த்துவிடுவார். இல்லாவிட்டால் எல்லோரும் தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிடுவார்கள் அல்லவா.

ஆகவே பார்க்க வேண்டியது முதலாளிகள் எப்படி வெளியேறுகிறார்கள் என்பதை. 1990-களிலிருந்து ‘ஓ.டி. உறுப்பினர்’ என்ற ஏற்பாடு பரவியது: முதலாளிகள் சங்கத்தின் சட்ட ஆலோசனை கிடைக்கும், ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2006-இல் இதைக் கொள்கையளவில் ஏற்றது. ஆனால் வெளியேறியவுடனே கை கழுவ முடியாது. 1949-ஆம் ஆண்டு ஊதிய ஒப்பந்தச் சட்டத்தின் 3(3) பிரிவுப்படி நடப்பு ஒப்பந்தம் முடியும்வரை அது கட்டுப்படுத்தும். முடிந்த பிறகும், வேறு ஏற்பாடு வரும்வரை 4(5) பிரிவுப்படி பழைய ஊழியருக்கு அதன் விதிகள் நீடிக்கும்; புதிதாகச் சேருபவருக்கு இல்லை. அதனால்தான் இந்த வரிசையில் செங்குத்தான வீழ்ச்சி எங்கும் இல்லை, ஆண்டுக்கு ஒரு புள்ளி என்ற கசிவுதான் இருக்கிறது. கசிவு என்பதால் அரசியலில் யாரும் பதறவில்லை. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது அதுதான்.

விரிவாக்க ஆணையையும் விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தைத் துறை முழுவதற்கும் பொதுவாக்க, அதற்குக் கட்டுப்பட்ட முதலாளிகளிடம் ஏற்கெனவே 50 சதவீதம் பேர் வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை 2014 வரை இருந்தது. வீச்சு குறையக் குறைய இந்த வரம்பு எட்டாமல் போகும், எட்டாததால் வீச்சு இன்னும் குறையும். 2014 சட்டம் அந்த நிபந்தனையை நீக்கியது. ஆனாலும் முடிவெடுக்கும் குழுவில் இரு தரப்பின் தலைமை அமைப்புகளுக்கும் தலா மூன்று இடங்கள், பெரும்பான்மை வேண்டும். முதலாளிகள் தரப்பு சேர்ந்து மறுத்தால் ஆணை இல்லை. ஆஸ்திரியாவில் முதலாளிகளுக்கு வணிகச் சபை உறுப்பினர் நிலை கட்டாயம். அங்கேயும் தொழிற்சங்க உறுப்பினர் விகிதம் சரிந்தது, வீச்சு மட்டும் 98 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது.

நெடுவரிசை

எடைத் தவறு என்னுடையதுதான், திருத்திவிட்டேன். துறை மாற்றத்தின் பங்கை எப்படிப் பிரிப்பது?

பதில் – எடைக்கணக்கு

கற்பனை எண்களில் ஓர் உதாரணம். முதல் ஆண்டில் ஆலைத் துறையில் 60 சதவீத ஊழியர், வீச்சு 80. சேவையில் 40 சதவீதம், வீச்சு 50. மொத்தம் 48 + 20 = 68. கடைசி ஆண்டில் ஆலையில் 45 சதவீதம், வீச்சு 65. சேவையில் 55 சதவீதம், வீச்சு 35. மொத்தம் 29.25 + 19.25 = 48.5. சரிவு 19.5 புள்ளி.

இப்போது வீச்சைப் பழையபடியே வைத்து ஊழியர் பங்கை மட்டும் மாற்றுங்கள்: 36 + 27.5 = 63.5. ஆக, துறை மாற்றத்தால் போனது 4.5; மீதி 15 துறைக்குள்ளேயே நடந்தது. இங்கே இரு துறையிலும் சரிவு சமம் என்பதால் எந்த ஆண்டை அடிப்படையாக வைத்தாலும் இதே விடை. உண்மைத் தரவில் அப்படி அமையாது. இரு முனையிலிருந்தும் கணக்கிட்டுச் சராசரி எடுங்கள்.

துறையோடு நிறுத்தாமல் பணியிடத்தின் அளவையும் வயதையும் சேர்த்துப் பிரியுங்கள். ஜெர்மன் தரவில் பெரும்பங்கு துறைக்குள் நடந்த சரிவுதான். புதிதாகத் தொடங்கும் பணியிடங்கள் ஆரம்பத்திலிருந்தே ஒப்பந்தத்துக்குள் வராததை வயது வாரியாகப் பார்த்தால்தான் பிடிக்க முடியும். ஆனால் கட்டங்களை நுணுக்கிக்கொண்டே போகாதீர்கள். கிழக்கில் பெரிய பணியிடங்கள் குறைவு, மாதிரியில் நாலைந்து இடங்கள் மாறினாலே சதவீதம் துள்ளும். மூன்றாண்டுச் சராசரி பாதுகாப்பானது.

உங்கள் ஆறு எண்களிலேயே ஒரு செய்தி இருக்கிறது. மேற்கு 2010 வரை 13 புள்ளி, பிறகு 12 புள்ளி இறங்கியது. கிழக்கு முதலில் 13, பிறகு 6 மட்டும். இடைவெளி 13-லிருந்து 7 ஆனதைக் ‘கிழக்கு எட்டிப்பிடிக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். கிழக்கு ஏறவே இல்லை, மேற்குதான் அதை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது.