மிஷன் பள்ளியில் போட்டால் பிள்ளை ஒழுக்கமாக வளருமா? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி:
திருச்சியிலிருந்து வந்து நாலு மாசம் ஆகுது. பொங்கோலில் வாடகை வீடு, வீட்டுக்காரருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ். மகளுக்கு அடுத்த ஜனவரியில் தொடக்கநிலை ஒன்று. ஊரில் நானும் அக்காவும் கான்வென்டில் படித்தோம். அந்தக் கண்டிப்புதான் எங்களை ஆளாக்கியது என்று அம்மா இன்னமும் சொல்வார். இங்கேயும் மிஷன் பள்ளியில் சேர்த்தால் படிப்பும் நன்றாக வரும், பிள்ளையும் நெறியோடு வளரும் என்று நினைக்கிறோம். அனுபவம் உள்ள அக்காமார் சொல்லுங்களேன்.

பதில்:
தங்கச்சி, நான் வந்து பதினைந்து வருஷம் ஆச்சு. பெரியவன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். நீங்கள் கேட்பதையே நானும் ஒரு காலத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன்.

ஊர் கான்வென்டை மனதில் வைத்து இங்குள்ள மிஷன் பள்ளியை எடை போடாதீர்கள். இங்கே அவற்றில் பெரும்பாலானவை அரசாங்க உதவி பெறும் பள்ளிகள். கல்வி அமைச்சின் பாடத்திட்டம்தான் அங்கேயும். ஆறாம் ஆண்டு முடிவில் உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் பள்ளிப் பிள்ளையும் மிஷன் பள்ளிப் பிள்ளையும் எழுதுவது ஒரே பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. பெரிய பெயர் இருப்பதற்குப் பழமை ஒரு காரணம், பழைய மாணவர்களின் பிடிப்பு ஒரு காரணம், இணைப்பில் உள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது கிடைக்கும் முன்னுரிமை இன்னொரு காரணம். சமயத்தால்தான் கணக்கு நன்றாக வருகிறது என்பதை நான் நம்பவில்லை.

அந்தப் பள்ளிகள் செய்த நன்மையை மறக்கவும் கூடாது. 1887இல் சோஃபியா பிளாக்மோர் என்ற மிஷனரி அம்மையார் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது சிறுமிகளை உட்கார வைத்துத் தமிழ்ப் பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளிக்கு அதுதான் விதை. பெண்பிள்ளை எழுத்துக் கற்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஒன்பது பேர் நினைவுக்கு வருவார்கள்.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். இங்கே தொடக்கநிலை ஒன்றுக்குப் பதிவு பல கட்டங்களாக நடக்கும். குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாத பிள்ளைக்குக் கடைசிக் கட்டமான மூன்றாம் கட்டத்தில்தான் வாய்ப்பு. அதற்கும் முதலில் இணையத்தில் விருப்பம் தெரிவிக்க வேண்டும். ஜூன் வாக்கில் சில நாள் மட்டுமே திறந்திருக்கும், தவற விடாதீர்கள். மற்றவர்கள் எடுத்தது போக மிச்சமுள்ள இடம்தான் கிடைக்கும். இந்தப் பள்ளிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க இப்போதைக்கு வழியில்லை.

நாளைக்கு நிரந்தரவாசம் கிடைத்தபின் இரண்டாவது பிள்ளைக்கு 2பி கட்டம் என்று ஒன்று வரும். பள்ளியோடு தொடர்புள்ள தேவாலயமோ சீனர்களின் குல சங்கமோ பரிந்துரைத்தாலும், பெற்றோர் முன்கூட்டியே பெயர் கொடுத்துப் பள்ளியில் 40 மணி நேரம் தொண்டு செய்திருந்தாலும் அதில் இடம் கேட்கலாம். "கொஞ்ச நாள் சர்ச்சுக்குப் போய்வா, கடிதம் வாங்கிக்கொள்" என்று எனக்கே ஒருவர் யோசனை சொன்னார். உண்மையான விசுவாசத்தோடு போகிறவர்களுக்கு அந்த வழி நியாயமானது. நம்பாத சாமி முன்னால் ஒரு சீட்டுக்காக மண்டியிடுவதை என் பிள்ளை பார்த்தால், பிறகு எந்தப் பள்ளி எந்த ஒழுக்கத்தை அவனுக்குக் கற்றுத்தர முடியும்? நான் போகவில்லை.

சமயப் பாடம் நல்ல பிள்ளையை உருவாக்குமா என்று இந்த நாடே ஒருமுறை சோதித்துப் பார்த்தது. 1984இல் உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்குச் சமயக் கல்வி கட்டாயமானது. பைபிள், இஸ்லாம், பௌத்தம், இந்து சமயம், சீக்கியம், கன்ஃபியூசிய நெறி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சமய ஈடுபாடு கூடி மதங்களுக்கிடையே உரசல் வந்துவிடுமோ என்ற கவலையில் 1989இல் அதைக் கைவிட முடிவெடுத்து, 1990இலிருந்து கட்டாயத்தை நீக்கினார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

இப்போது தொடக்கப்பள்ளியில் நன்னெறிப் பாடத்தின் ஒரு பகுதி தாய்மொழியில் நடக்கிறது. நம் பிள்ளைக்குப் பெரியவரை மதிப்பதையும் பகிர்ந்து உண்பதையும் சொல்லித்தருவது தமிழாசிரியர். அதனால், பள்ளியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் அங்கே தமிழ் இருக்கிறதா என்று கேளுங்கள். சில பள்ளிகளில் தமிழ் கிடையாது. அப்போது பிள்ளை வேறு நிலையத்துக்குத் தனியாகப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும்.

என் மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறுதோறும் கோயில் தேவார வகுப்புக்குப் போவான், ஒரு பதிகத்தை அடி பிசகாமல் பாடுவான். ஒருநாள் தமிழாசிரியை கூப்பிட்டார். கேன்டீனில் தட்டு எடுக்கும் முதியவரை "ஏய், இங்கே வா" என்று அழைத்திருக்கிறான். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அன்று ராத்திரி என் கணவர், சாமான் கொண்டுவரும் பையனிடம் நான் போனில் பேசுவதைக் காட்டி, "இதைத்தானே அவன் கேட்கிறான்" என்றார். தேவாரம் இன்னும் பாடுகிறான், வகுப்பை நிறுத்தவில்லை. மாற வேண்டியிருந்தது நான்தான்.

இன்னொருவர் பதில்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் கடையநல்லூர்க்காரர்கள். இங்கே முழுநேர மதரஸா ஆறு உண்டு. மார்க்கக் கல்வியோடு ஆங்கிலம், கணக்கு, அறிவியலும் படித்துப் பிள்ளைகள் பிஎஸ்எல்இ எழுதுவார்கள். ஆலிமாக, அதாவது மார்க்க அறிஞராக, வேண்டும் என்ற பிள்ளைக்கு அது நல்ல பாதை. எங்கள் மகளுக்கு அந்த நாட்டம் இல்லை, அதனால் அக்கம்பக்கப் பள்ளியும் வார இறுதியில் பள்ளிவாசல் வகுப்பும் என்று வைத்தோம். வகுப்பு முடிந்து வரும்போது என்ன ஓதினாய் என்று கேட்பதோடு நிறுத்தாமல், யாரோடு உட்கார்ந்தாய் என்றும் கேட்பேன்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி பாய். இடம் கிடைக்காவிட்டால்?

முதலில் பதில் சொன்னவர்:
அடுத்த வகுப்புகளுக்கு ஏஇஐஎஸ் என்று வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான நுழைவுத்தேர்வு இருக்கிறது, ஆங்கிலமும் கணிதமும். அதுவரை அனைத்துலகப் பள்ளியில் சேர்க்கலாம், ஆனால் கட்டணம் கையைக் கடிக்கும். இப்போதே ஒரு கோயில் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் சமய வகுப்பு உண்டு. பொங்கோலிலிருந்து தூரம்தான், முதல் வாரம் நானும் கூட வருகிறேன்.