கம்ப்ரெஷன் டெஸ்டர் எது வாங்கலாம்? வீட்டு உபயோகத்துக்கு, அவசரம்

வெயில்நிழல்:
வீட்ல வச்சுப் பார்க்க ஒரு நல்ல கம்ப்ரெஷன் டெஸ்டர் வேணும், சிலிண்டருக்குள்ள காத்து எவ்வளவு அழுத்தத்துக்கு ஏறுதுன்னு காட்டற கேஜ். தெரிஞ்சவர்கிட்ட இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், 85 காட்டுது. மெக்கானிக் போர், அதான் சிலிண்டர் உள்சுவர், தேய்ஞ்சு போயிருச்சு, என்ஜினை இறக்கணும்ங்கறார். அதுக்கு முன்னாடி சொந்தமா ஒண்ணு வாங்கி உறுதி பண்ணிக்கலாம்னு இருக்கேன். எது நல்லது? சனிக்கிழமை வண்டியை விடச் சொல்லியிருக்கார், சீக்கிரம் சொல்லுங்க.

நாலு சிலிண்டர்:
வண்டின்னா காரா பைக்கா? 85 எந்த யூனிட்? கார்னா எல்லா சிலிண்டர்லயும் 85ஆ, ஒண்ணுல மட்டுமா? ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் 10-15 சதவீதத்துக்குள்ள இருந்தா பெரும்பாலும் பயமில்லை. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் மட்டும் விழுந்திருந்தா சிலிண்டருக்கும் மேல் மூடிக்கும் நடுவுல இருக்கற ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்க.

டீசல்பிரியன்:
முதல்ல பெட்ரோலா டீசலான்னு சொல்லுங்க. டீசல் என்ஜின் சாதாரணமா 300லேர்ந்து 450 பிஎஸ்ஐ வரை காட்டும். பெட்ரோல் டெஸ்டர்ல முகப்பே 300தான். அதை டீசல்ல மாட்டினா கேஜ் போயிரும். டீசலுக்கு 1000 வரைக்கும் உள்ளது வேணும், அடாப்டரும் க்ளோ பிளக் இல்ல இன்ஜெக்டர் ஓட்டைக்குப் பொருந்தறது.

பழைய_ஸ்பேனர்:
தம்பி, இந்தக் கேள்வி மாசத்துக்கு நாலு தடவை வருது, பழைய இழையை யாரும் தேடிப் படிக்கறதில்லை. கேஜ் வாங்கினவன் எல்லாம் மெக்கானிக் ஆயிட முடியாது. நாங்க கத்துக்கிட்ட காலத்துல பிளக் ஓட்டையில கட்டைவிரலை வச்சுக் கிக்கரை மிதிப்போம். விரலைத் தூக்கி எறிஞ்சா கம்ப்ரெஷன் இருக்கு, இல்லேன்னா இல்லை. 85ன்னா பிஸ்டனைச் சுத்திக் காத்தை அடைக்கற ரிங் போயிருச்சு, அவ்வளவுதான். மெக்கானிக் சொன்னதைக் கேளுங்க.

எண்ணெய்க்கை:
அண்ணா, 90ம் விரலைத் தள்ளும், 150ம் தள்ளும். நடுவுல இருக்கற வித்தியாசத்தை விரல் சொல்லாது. அதுக்குத்தான் கேஜ். இழை போட்டவர் வண்டி என்னன்னே இன்னும் சொல்லலை, அதுக்குள்ள ரிங் போயிருச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?

வெயில்நிழல்:
மன்னிக்கணும், பைக்குதான். பெட்ரோல், 125 சிசி, பிஎஸ்ஐ. செல்ஃப் அடிச்சுப் பார்த்தேன்.

டேப்பெட்தம்பி:
வண்டிக்கு நோய் என்னங்க? டெஸ்டரை எடுக்க வச்சது எது? புகை வருதா, ஆயில் குறையுதா?

வெயில்நிழல்:
புகை இல்லை. ஆயில் குறையலை. காலையில டக்குன்னு ஸ்டார்ட் ஆயிடும். ஓட்டிட்டு நிறுத்தினா சூட்டுல ஸ்டார்ட் ஆகாது, அரைமணி ஆறவிட்டா ஆகும்.

டேப்பெட்தம்பி:
அப்ப நான் டேப்பெட்டுன்னுதான் சொல்வேன். வால்வைத் தள்ளற இடத்துல விட்டிருக்கற சின்ன இடைவெளி, அதான் கிளியரன்ஸ், குறைஞ்சு போனா என்ஜின் சூடாகும்போது வால்வு முழுசா உட்காராது, கம்ப்ரெஷன் அது வழியா கசியும். ஆறினா மறுபடி உட்காரும். என்ஜின் நல்லா ஆறினப்புறம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) வச்சு மேனுவல்ல போட்டிருக்கற அளவோட ஒப்பிட்டுப் பாருங்க. டெஸ்டர் விலையில கால்வாசிகூட ஆகாது.

நாலு சிலிண்டர்:
உங்களுக்கு எல்லா நோய்க்கும் டேப்பெட்டுதான் மருந்து. சூட்டுல ஸ்டார்ட் ஆகாததுக்கு இக்னிஷன் காயிலும் காரணமா இருக்கலாம்.

எண்ணெய்க்கை:
இருக்கலாம், ஆனா 85ஐ நம்பலாமாங்கறதுதான் முதல் கேள்வி. இரவல் டெஸ்டர் எப்படிப்பட்டது? ரப்பர் கூம்பை ஓட்டையில அழுத்திப் பிடிக்கற மாதிரியா, மரை போட்டு மாட்டறதா? ஹோஸ் எவ்வளவு நீளம்? காத்தைத் திரும்ப விடாம பிடிக்கற வால்வு ஊசி கேஜ் பக்கம் இருக்கா, பிளக் பக்க நுனியில இருக்கா? எடுக்கும்போது ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிச்சீங்களா?

வெயில்நிழல்:
மரை போடறதுதான், கார் செட்டு. ஹோஸ் ஒரு முழம் இருக்கும். நுனியில உள்ள பாத்தா வெறும் ஓட்டைதான், ஊசி கேஜ் கிட்ட இருக்கு. 14 எம்எம் நுனியில ஒரு சின்ன அடாப்டர் போட்டு 10 எம்எம் ஆக்கினேன். ஆக்சிலேட்டர் முறுக்கலை. முறுக்கணுமா?

எண்ணெய்க்கை:
முறுக்கணும், முழுசா. மூடியிருந்தா சிலிண்டருக்குள்ள காத்தே சரியா போகாது. ஆனா அதைவிடப் பெரிய விஷயம் அந்த ஹோஸ்.

கணக்கு போட்டுப் பாருங்க. 125 சிசி, கம்ப்ரெஷன் விகிதம், அதாவது உள்ள இருக்கற காத்து எத்தனைல ஒரு பங்கா சுருங்குதுங்கறது, 10ன்னு வச்சுக்குவோம். பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிச்சம் இருக்கற இடம் 14 சிசிதான். ஒரு முழ ஹோஸோட உள்விட்டம் 5 எம்எம்னா அதுக்குள்ள மட்டும் கிட்டத்தட்ட 9 சிசி. ஊசி கேஜ் பக்கம் இருந்தா அந்த 9 சிசியும் என்ஜினோட சேர்ந்துடும், ஒவ்வொரு அடிக்கும் காத்து அதுக்குள்ள போய்த் திரும்பி வரும். 10 இருந்த விகிதம் சுமார் 6.4 ஆயிடும். சிலிண்டருக்கு 400 சிசி உள்ள கார்ல இதே ஹோஸ் 10ஐ 8.5க்குத்தான் இறக்கும். சின்ன என்ஜின்ல இது பொய்தான் சொல்லும், என்ஜின் மேல தப்பில்லை. அடாப்டர் மேல அடாப்டர் போட்டா இன்னும் இடம் கூடும்.

அதனால வாங்கும்போது முதல்ல நுனியைப் பாருங்க, மரைக்குள்ளயே ஊசி இருக்கணும். 10, 12, 14 எம்எம் ஒவ்வொண்ணும் தனி ஹோஸா வந்தா நல்லது. உங்க பிளக் என்ஜிகேன்னா முதல் எழுத்து சி போட்டிருந்தா 10 எம்எம், டி 12, பி 14. மரை நீளமும் முக்கியம். பிளக் மரை 12.7 எம்எம்னா 19 எம்எம் மரையை முழுசா இறக்கக்கூடாது, உள்ள பிஸ்டன்லயோ வால்வுலயோ தட்டும். ஊசி கெட்டா மாத்தற மாதிரி இருக்கணும். டயர் ஊசி பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா அதோட ஸ்பிரிங் கடினம், ரீடிங் குறையும். டெஸ்டருக்குன்னு உள்ள மெல்லிய ஸ்பிரிங் ஊசிதான் போடணும். ரப்பர் கூம்பு மாடல் வேண்டாம், தனியாளா செல்ஃபும் அடிச்சு அழுத்தியும் பிடிக்க முடியாது.

பழைய_ஸ்பேனர்:
இவ்வளவு கதை எதுக்கு? விகிதம் 10ன்னா வெளிக்காத்தோட அழுத்தம் 14.7ஆல பெருக்கு, 147. அதுக்குக் கீழ போனா என்ஜின் தேய்ஞ்சிருக்கு. பள்ளிக்கூடக் கணக்கு.

நாலு சிலிண்டர்:
அந்தக் கணக்கு சரியில்லீங்க. காத்தை வேகமா அழுத்தினா சூடாகும், அதனால பெருக்கி வர்றதைவிட மேல ஏறும். பிஸ்டன் கீழேர்ந்து திரும்பி ஏற ஆரம்பிச்சப்புறமும் இன்டேக் வால்வு கொஞ்சநேரம் திறந்தே இருக்கும், அதனால குறையும். ரெண்டும் எவ்வளவுன்னு வால்வைத் திறந்து மூடற கேம் ஷாஃப்டைப் பொறுத்தது. ஒரே விகிதம் உள்ள ரெண்டு என்ஜின் வேற வேற எண் காட்டும். மேனுவல்ல உள்ளதுதான் கணக்கு.

பழைய_ஸ்பேனர்:
நான் என்ஜின் பிரிச்ச எண்ணிக்கை உங்க வயசைவிட அதிகம்.

நாலு சிலிண்டர்:
இருக்கட்டும் சார், மதிக்கிறேன். ஆனா 14.7 பெருக்கலை நம்பி நல்லா இருக்கற என்ஜினை இறக்கினவங்களை நான் பார்த்திருக்கேன். மேனுவல்ல சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோன்னு போட்டிருந்தா பிஎஸ்ஐ ஆக்க 14.22ஆல பெருக்கணும், பார்ல இருந்தா 14.5. அதையும் குழப்பிக்கறாங்க.

டீசல்பிரியன்:
சில என்ஜின்ல ஸ்டார்ட் ஆக சுலபமா இருக்கட்டும்னு கேம்ல டீகம்ப்ரெஷன், அதாவது வால்வைக் கொஞ்சம் திறந்து அழுத்தத்தைக் குறைக்கற அமைப்பு, வச்சிருப்பாங்க. அதுல செல்ஃப் வேகத்துல ரீடிங் குறைச்சலாத்தான் வரும். அதையும் மேனுவல்ல பாருங்க.

டேப்பெட்தம்பி:
எப்படி எடுக்கணும்னு யாரும் முழுசா சொல்லலையே. என்ஜின் சூடா இருக்கணும், பேட்டரி முழு சார்ஜ். பிளக் கேப்பை அப்படியே தொங்கவிட்டு செல்ஃப் அடிக்காதீங்க, காயில் வயரைப் பிடுங்கிடுங்க. இன்ஜெக்ஷன் வண்டின்னா பெட்ரோல் பம்ப் ஃப்யூஸையும் எடுத்துடுங்க. முள் ஏறி நிக்கற வரைக்கும் அடிங்க, அஞ்சாறு அடி போதும். முதல் அடியிலயே பாதிக்கு மேல ஏறினா நல்ல அறிகுறி. குறைவா இருந்தா ஓட்டையில ஒரு சின்ன ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்க. நல்லா ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு பக்கம். ஆயிலை அள்ளி ஊத்தாதீங்க, சின்ன என்ஜின்ல ஆயிலே இடத்தை அடைச்சு ரீடிங்கை ஏத்திக் காட்டும். முதல்ல டேப்பெட்!

எண்ணெய்க்கை:
சனிக்கிழமை வண்டியை விடாதீங்க. ஒரு வாரம் தள்ளிப் போடுங்க, சரியான டெஸ்டர்ல ஒரு ரீடிங் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். பிரிச்ச என்ஜின் பழைய மாதிரி சேர்றது சேர்க்கற கையைப் பொறுத்தது.

வெயில்நிழல்:
சரிங்க, நுனியில ஊசி உள்ளதா பார்த்துச் சொல்லியிருக்கேன். வந்ததும் எழுதறேன்.

நாலு சிலிண்டர்:
ஒரு வாரம் ஆச்சு. என்னாச்சுங்க?

வெயில்நிழல்:
158 வந்தது. எக்ஸாஸ்ட் டேப்பெட் இறுக்கமா இருந்துச்சு, சரி பண்ணியாச்சு. சூட்டுலயும் ஸ்டார்ட் ஆகுது. என்ஜினை இறக்கலை. எல்லாருக்கும் நன்றி.

டேப்பெட்தம்பி:
ரொம்ப சந்தோஷம்! 158 டேப்பெட் சரி பண்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா? முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?

எண்ணெய்க்கை:
நானும் அதைத்தான் கேட்க வந்தேன். முடிஞ்சா அந்த இரவல் டெஸ்டரையும் இப்ப ஆக்சிலேட்டர் முறுக்கி ஒரு தடவை மாட்டிப் பாருங்க. 85ல எவ்வளவு ஹோஸ், எவ்வளவு டேப்பெட்டுன்னு பிரிஞ்சிடும்.

டேப்பெட்தம்பி:
வெயில்நிழல், இருக்கீங்களா?