டிரே யங்கா, ஜேலன் பிரன்சனா? காலேஜ் பாயிண்ட் கார்டை எந்த எண்ணை வெச்சு எடை போடறது?

கேள்வி: நார்மன்வாசி

2017-18ல ஓக்லஹோமா யுனிவர்சிட்டியில எம்.எஸ். படிச்சிட்டிருந்தேன். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தற பாயிண்ட் கார்டு டிரே யங் அங்கே பாஸ்கெட்பால் ஆடின ஒரே சீசன் அது. லாயிட் நோபிள் சென்டர்ல நேர்ல பார்த்திருக்கேன். த்ரீ கோட்டுக்கு (அதுக்கு வெளியே இருந்து போட்டா மூணு பாயிண்ட்) ரொம்பப் பின்னாடி நின்னு அவன் பந்தைத் தூக்கினாலே, கையை விட்டு அது கிளம்புறதுக்குள்ள ஸ்டூடன்ட் பக்கம் மொத்தமும் எழுந்து நின்னுடும். மேட்சுக்கு 27.4 பாயிண்ட், 8.7 அசிஸ்ட் (கூட ஆடறவர் கூடை போட வழி பண்ற பாஸ்). ஒரே வருஷத்துல ரெண்டுலயும் நாட்டிலேயே முதலிடம். காலேஜ் ஆட்டத்தோட மேல்மட்டமான டிவிஷன் ஒண்ணுல அதுக்கு முன்னாடி யாரும் அதைச் செஞ்சதில்லை.

இப்ப என்கூட வேலை பார்க்கிறவர் ஒருத்தர் வில்லனோவாவுல படிச்சவர். அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர் விருது ஜேலன் பிரன்சனுக்குப் போனது நியாயம்தான்னு அடிச்சுச் சொல்றார். பிரன்சன் 18.9 பாயிண்ட், 4.6 அசிஸ்ட். பாயிண்ட்ல எட்டரை குறைவு, அசிஸ்ட் கிட்டத்தட்ட பாதி. 36-4ன்னு (36 வெற்றி, 4 தோல்வி) முடிச்சு சாம்பியன் ஆன டீம்ல இருந்ததாலதான் விருதா, இல்லை எண்ணே அப்படித்தான் சொல்லுதா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா எழுதுங்க. எனக்கு இது முக்கியம், நான் அந்தப் பையனோட ஆட்டத்தைப் பார்த்துத்தான் பாஸ்கெட்பால் கத்துக்கிட்டேன்.

பதில்: பிக்அண்ட்ரோல்

என் ஓட்டு டிரேக்கு. முந்தின சீசன்ல ஓக்லஹோமா 11-20. டிரே வந்ததும் 18-14, காலேஜ்களோட தேசிய என்சிஏஏ டோர்னமென்ட்லயும் இடம். பிரன்சன் பக்கத்துல யார் இருந்தாங்கன்னு பாருங்க. மிகல் பிரிட்ஜஸ், டான்டே டிவின்சென்சோ, ஓமரி ஸ்பெல்மன்: மூணு பேருமே அந்த ஜூன்ல என்பிஏ டிராஃப்ட்ல (தொழில்முறை டீம்கள் புது ஆட்டக்காரர்களை வரிசையா எடுக்கிறது) முதல் ரவுண்ட். அந்த டீமை ஓட்டறதும் ஓக்லஹோமாவை ஓட்டறதும் ஒண்ணா?

பதில்: ஸ்டேட்ஸ் மேஜை

ஒஹாயோவுல ஒரு சின்ன காலேஜ்ல படிக்கும்போது மேட்சுக்கு மேட்ச் கோர்ட் ஓரத்துல உட்கார்ந்து ஸ்டேட்ஸ் (ஆட்டப் புள்ளிவிவரம்) ஏத்தற வேலை பார்த்தேன். ஒருத்தர் ஆட்டத்தைப் பார்த்துச் சத்தமா சொல்லிட்டே இருப்பார், பக்கத்துல நான் டைப் பண்ணுவேன். "இருபத்து மூணு, ஷாட், உள்ளே, அசிஸ்ட் நாலு"ன்னு அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எதிர் டீம் பந்தோட இந்தப் பக்கம் வந்திருக்கும். அசிஸ்ட் தரலாமா வேண்டாமான்னு யோசிக்க ரெண்டு செகண்டுகூட கிடைக்காது. அதனால அசிஸ்ட்ல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

பந்தை வாங்கினவன் ஷாட்டை உள்ளே போட்டாத்தான் அசிஸ்ட். தவறவிட்டா, எவ்வளவு அழகான பாஸா இருந்தாலும் கணக்குல வராது. ஃபவுல் வாங்கி ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டாலும் வராது. வில்லனோவா ஆட்டத்துல இதுதான் முக்கியம். பிரன்சன் கார்டா இருந்தும் கூடைக்கு முதுகைக் காட்டி, எதிராளியை உள்ளே தள்ளித் தள்ளிப் போவார். ரெண்டாவது ஆள் உதவிக்கு வந்ததும் பந்தை விங்குக்கு (கோர்ட்டோட பக்கவாட்டுக்கு) தட்டிவிடுவார். விங்ல இருக்கிறவர் அதைக் கார்னருக்குத் தள்ளுவார், கார்னர்ல இருந்து த்ரீ. டிஃபென்ஸை உடைச்சது பிரன்சன், அசிஸ்ட் விங்ல நின்னவருக்கு. ஓக்லஹோமாவுல டிரே பாஸ் போட்டா அடுத்த கை ஷாட் போடும், எழுதறவருக்குக் குழப்பமே இல்லை. 8.7க்கும் 4.6க்கும் நடுவுல இருக்கிற தூரத்துல ஒரு பகுதி ஆட்டத்தோட அமைப்பு. இன்னொரு பகுதி வேகம்: ஓக்லஹோமா ஓட்டமா ஓடின டீம், ஒரு மேட்ச்ல கிடைக்கிற பொசெஷனே (பந்து ஒரு டீம் கைக்கு வர்ற ஒவ்வொரு முறையும் ஒண்ணு) அதிகம்.

அடுத்தது டர்ன்ஓவர், அதாவது ஷாட் போடாமலே பந்தை எதிர் டீமுக்கு விட்டுடறது. டிரே மேட்சுக்கு 5.2, பிரன்சன் 1.8. "அவன் கையிலேயே எப்பவும் பந்து இருந்துச்சு, அப்ப அதிகமாத்தானே இருக்கும்"னு உடனே பதில் வரும். நியாயமான பதில்தான். அதனாலதான் மேட்சுக்கு எத்தனைன்னு பார்க்காம, ஒரு ஆட்டக்காரர் கையில முடிஞ்ச பொசெஷன்ல எத்தனை பாழாச்சுன்னு பார்க்கணும். டிரேயோட சீசன் மொத்தம்: 618 ஷாட், 274 ஃப்ரீ த்ரோ, 167 டர்ன்ஓவர். ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவும் ஒரு பொசெஷனை முடிக்காதுங்கிறதால காலேஜ் கணக்குல அதை 0.475ஆல பெருக்குவாங்க, 130 வருது. கூட்டினா 915. அதுல 167, அதாவது 18 சதவீதம். பிரன்சனுக்கு இதே கணக்கைப் போட்டா 11ஐ ஒட்டித்தான் வருது. சுமையைக் கழிச்ச பிறகும் இடைவெளி நிக்குது.

ஷாட்லயும் அப்படித்தான். டிரே 42 சதவீதம், த்ரீல 36. பிரன்சன் 52, த்ரீல 41. ஆறடி ரெண்டு அங்குல கார்டு 52 சதவீதம் போடறது சாதாரண விஷயமே இல்லை. டிரேயோட ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துப் பார்த்தா அவர் கணக்கு நல்லாவே மேலே ஏறும் (86 சதவீதம் போட்டார்), ஆனா பிரன்சனை எட்டாது.

சுருக்கமா கேட்டா, அந்த வருஷம் பிரன்சன் கையில முடிஞ்ச பொசெஷன் நாட்டிலேயே மிகச் சிறந்த பொசெஷன்கள்ல ஒண்ணு. விருது சரியான கைக்குத்தான் போச்சு.

நார்மன்வாசி

கணக்கு புரியுது, மனசு ஒத்துக்கலை. நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட் மேட்ச்ல 22 அசிஸ்ட் போட்டு தேசிய ரெக்கார்டை சமன் பண்ணினான். டிசியூவுக்கு (டெக்சாஸ் கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி) எதிரா 43 பாயிண்ட், ஜெயிச்சோம். அந்த டீம்ல மூணுல ஒரு பங்குக்கு மேல பொசெஷனை ஒரே ஆள் முடிச்சான், அதுவும் முதல் வருஷப் பையன். பிரன்சன் அந்தப் பாரத்தைத் தூக்கியிருந்தா 52 சதவீதம் 52ஆவே இருந்திருக்குமா? அப்புறம் அந்த 11-20க்கு என்ன பதில்?

பதில்: ஏம்ஸ் ரசிகன்

11-20க்கு நான் சொல்றேன். டிரே என்பிஏ போன அடுத்த சீசன்ல ஓக்லஹோமா 20-14. டோர்னமென்ட்ல ஓல் மிஸ்ஸை 95-72ன்னு அடிச்சாங்க. டிரே இல்லாததாலதான் முன்னேறினாங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. காலேஜ்ல வருஷா வருஷம் பாதி டீம் மாறிடும், அதனால முன்னே பின்னே வெற்றி தோல்விக் கணக்கை வெச்சு ஒரு ஆளோட மதிப்பை அளக்கவே முடியாது.

அதே சமயம், டர்ன்ஓவர் குறைவா இருந்தாப் போதும்னும் யாரும் நினைக்க வேண்டாம். எங்க அயோவா ஸ்டேட்ல மான்டே மாரிஸ் நாலு வருஷம் ஆடினார். அசிஸ்ட் டர்ன்ஓவர் விகிதம் 4.65, ஆடி முடிச்சப்ப அது டிவிஷன் ஒண்ணுல ரெக்கார்டு. நான் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடின ஆள். ஆனா 2017 டிராஃப்ட்ல அவரை 51வதாத்தான் எடுத்தாங்க. ஆபத்தான பாஸைப் போடாம இருந்தாலும் அந்த விகிதம் ஏறும். டிரே போட்ட பாஸ்ல பாதியை வேற எந்த கார்டும் முயற்சியே பண்ணியிருக்க மாட்டாங்க. விகிதத்தை மட்டும் பார்த்தா அவர் 1.67, நாட்டுல எத்தனையோ சாதாரண கார்டுகளுக்குக் கீழே வந்துடுவார். அந்த ஒரே காரணம் போதும், அதைத் தனியா நம்பக் கூடாதுங்கறதுக்கு.

பதில்: ஸ்டேட்ஸ் மேஜை

ஏம்ஸ்காரர் சொன்னதை முழுசா ஏத்துக்கிறேன். நார்மன்வாசி, நீங்க கேட்டது நல்ல கேள்வி. சுமை ஏற ஏற துல்லியம் குறையும்னு பாஸ்கெட்பால் புள்ளிவிவர நிபுணர் டீன் ஆலிவர் காலத்துல இருந்தே சொல்லிட்டு வர்றாங்க. பிரன்சன் டீமோட பொசெஷன்ல கால் பங்கை ஒட்டித்தான் முடிச்சார். மூணுல ஒண்ணுக்கு மேல ஏத்தியிருந்தா 52 நின்னிருக்காதுன்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா வேற டீம்ல ஆடியிருந்தா என்ன ஆகியிருக்கும்ங்கிறதுக்கு விருது தர முடியாது. நடந்த ஆட்டத்துக்குத்தான் தரணும்.

22 அசிஸ்ட் மேட்ச் 105-68. எதிராளி யாருங்கிறதைப் பார்க்காம அந்த மாதிரி ராத்திரிகளைச் சராசரியில கலக்கக் கூடாது. உங்க டிசியூ வெற்றியோட ஓக்லஹோமா 14-2ல இருந்துச்சு. அதுக்கப்புறம் 4-12. ஓக்லஹோமா அப்ப ஆடின பிக் 12 லீக்கோட டீம்கள் ஒவ்வொண்ணா டிரேயை ரெண்டு பேரை விட்டு மடக்கக் கத்துக்கிட்டாங்க. கான்சாஸ் ஸ்டேட்ல 12 டர்ன்ஓவர், 87-69 தோல்வி. அதே வாரம் ஓக்லஹோமா ஸ்டேட்ல 48 பாயிண்ட். அதுக்கு 39 ஷாட் போட்டார், 14 உள்ளே போச்சு, ஓவர்டைம்ல ரெண்டு பாயிண்ட்ல தோல்வி. டோர்னமென்ட்ல ரோட் ஐலண்டுக்கு எதிரா 28 பாயிண்ட், 7 அசிஸ்ட், அதுவும் ஓவர்டைம் தோல்வி. அந்தப் பக்கம் ஃபைனல்ல பிரன்சன் வெறும் 9 பாயிண்ட். பெஞ்ச்ல இருந்து வந்த டிவின்சென்சோ 31 போட்டார், மிச்சிகனை 79-62ன்னு முடிச்சாங்க. அந்த 9ஐ மட்டும் பார்த்து யாராவது அவரை எடை போட்டா எவ்வளவு தப்போ, 27.4ஐ மட்டும் பார்க்கிறதும் அவ்வளவு தப்பு.

உங்க பையனோட பெருமையை நான் குறைக்கலை. டிராஃப்ட்ல அவர் 5வது, பிரன்சன் 33வது. திறமையை மட்டும் பார்த்தவங்க அன்னைக்கு அப்படித்தான் வரிசைப்படுத்தினாங்க. நீங்க கேட்டது அந்த ஒரு காலேஜ் சீசனோட மதிப்பு.

அந்த வில்லனோவாக்காரரோட உட்கார்ந்து கான்சாஸ் ஸ்டேட் மேட்சோட முதல் பாதியைத் திரும்பப் பாருங்க. கையில ஒரு பேப்பர் வெச்சுக்கோங்க. ரெண்டு பேர் மடக்கினதும் டிரே பந்தை விட்ட ஒவ்வொரு தடவையும், அடுத்த பாஸ் எங்கே போச்சு, அது எப்படி முடிஞ்சதுன்னு மட்டும் எழுதுங்க. எத்தனை தடவை டீம்மேட் யாரும் தடுக்காத ஷாட்டைத் தவறவிட்டார்னும் தனியா ஒரு கோடு போடுங்க. அந்தக் கோடு நீளமா வந்தா உங்க பக்கம் பேச ஒரு நல்ல ஆதாரம் இருக்கு. அதை இங்கேயும் போடுங்க, நானும் பார்க்கிறேன்.