4294967297 பகா எண்ணா? இரண்டு நிரல், இரண்டு பதில்

கேள்வி:
4294967297, அதாவது 2³² + 1. அடி 2 வைத்து ஃபெர்மா சோதனை: 2-ஐ 2³² அடுக்குக்கு உயர்த்தி இதே எண்ணால் வகுத்தால் பைத்தானில் மீதி 1, ஆகவே பகா எண். அதையே சி++-இல் குறியில்லா 64 பிட் மாறிகளில் எழுதினால் மீதி 0, பகா எண் இல்லை. எதை நம்புவது?

பதில் 1:
பைத்தானின் கணக்கு சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தப்பு: மீதி 1 வந்தாலே பகா எண் என்று ஆகிவிடாது. சி++-இல் நேர்மாறு. மீதி 0 என்றதுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும்: ஒற்றைப்படை எண் (1 தவிர) எதுவும் 2-இன் அடுக்கை மீதியில்லாமல் வகுக்காது.

வர்க்கங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 2, 4, 16, 256, 65536, 4294967296. அடுத்தது சரியாக 2⁶⁴. 64 பிட்டில் அடங்குவது 2⁶⁴ − 1 வரைதான். ஒன்றே ஒன்று கூடிப்போனதால் அது 0 ஆகிவிட்டது; பிறகு எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் 0தான். பெருக்கலை மட்டும் 128 பிட்டில் செய்து, மீதி எடுத்தபின் 64-க்குக் கொண்டுவாருங்கள். 32 பிட் மாறியில் போட்டிருந்தால் இன்னும் மோசம், எண்ணே 1 ஆகியிருக்கும்.

பதில் 2:
அடி 2 இங்கே உதவவே உதவாது. 2³² என்பது இந்த எண்ணுக்கு ஒன்று குறைவு, மீதிக் கணக்கில் −1. வர்க்கப்படுத்தினால் 1. 2-இன் அடுக்குடன் 1 கூட்டிய வடிவம், அந்த அடுக்கும் (32 = 2⁵) 2-இன் அடுக்கே; இதுதான் சோதனையை ஏமாற்றிவிடுகிறது. ஃபெர்மா சோதனையைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனையும் அடி 2-இல் ஏமாறும். ஃபெர்மா சோதனையில் அடி 3 போட்டால் மீதி 3029026160. 1 இல்லை, அதனால் பகு எண். மில்லர்-ராபினுக்கு 2, 7, 61 என்ற மூன்று அடிகள் போதும், 4759123141-க்குக் கீழே தவறாது.

பதில் 3:
காரணியைக் கையாலேயே பிடிக்கலாம். இதன் எந்தப் பகாக் காரணியும் 128-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். 129, 385, 513 பகா எண்கள் அல்ல. 257-ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்தது 641.

641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. ஆனால் 5⁴ = 625 = 641 − 2⁴. அதைப் போட்டால் −2³²-க்கு மீதி 1, அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும். ஈவு 6700417. இவ்வடிவ எண்களெல்லாம் (2-ஐ 1, 2, 4, 8, 16, 32 போன்ற அடுக்குகளுக்கு உயர்த்தி 1 கூட்டியவை) பகா எண்கள் என்று ஃபெர்மா கருதியதை ஆய்லர் 1732-இல் உடைத்தது இந்த 641-ஐக் கொண்டுதான். (128-க்குப் பதில் 64 என்ற விதிதான் அவருடையது, 128 கணிதவியலாளர் லூக்கா பின்னர் தந்தது.)

கேள்வி கேட்டவர்:
நன்றி. 6700417 இன்னும் உடையுமா?

பதில் 3:
உடையாது. அதன் காரணிகளுக்கும் அதே 128 விதிதான், வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி வருகிறது. 257-ஐ ஏற்கெனவே ஒதுக்கியாயிற்று. மிஞ்சுபவை 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 44, 120, 334, 622.