ஃபில்டர் ப்ராபகேஷன்: பரவலா, பாய்வா, கடத்தலா?

வணக்கம்.

மைக்ரோசாஃப்டின் தரவுப் பகுப்பாய்வு மென்பொருளான பவர் பிஐ-யில், அதன் சூத்திர மொழியான டாக்ஸ் எழுதுவோர், ஓர் அட்டவணையில் வைத்த வடிப்பு (இன்ன வரிசைகள் மட்டும் என்ற நிபந்தனை) உறவுள்ள இன்னொன்றுக்கும் போவதை, அதாவது ‘ஃபில்டர் ப்ராபகேஷன்’ என்பதை ‘வடிகட்டல் பரவல்’ என்கிறார்கள். பரவல் என்றால் நாலாபக்கமும் என்றாகிவிடும். இங்கே நடப்பது அதுவல்ல. பொருள், வாடிக்கையாளர் என்ற அட்டவணைகள் இரண்டும் விற்பனை அட்டவணையோடு ஒன்று–பல உறவில் (ஒரு பொருளுக்கு விற்பனையில் பல வரிசைகள்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொருளின் நிறம் ‘சிவப்பு’ என்று தேர்ந்தால், அந்த வடிப்பு ‘ஒன்று’ பக்கத்திலிருந்து ‘பல’ பக்கத்துக்கு இறங்கி விற்பனை வரிசைகளைக் குறைக்கும். அதோடு சரி, வாடிக்கையாளருக்கு ஏறாது. அதனால்தான் வாடிக்கையாளர் அட்டவணையின் வரிசைகளை எண்ணினால் எல்லா நிறத்துக்கும் ஒரே எண் வருகிறது. புதியவர்கள் சூத்திரத்தில் பிழை தேடுவார்கள். கோளாறு திசையில் இருக்கும்.

திசையைக் காட்டும் சொல் வேண்டும். ‘வடிப்புப் பாய்வு’ எப்படி?

*

> வடிப்புப் பாய்வு

‘வடிப்பு’ சரி. வடிகட்டி என்பது கருவி, இங்கே நகர்வது நிபந்தனை. பாய்வுதான் இடிக்கிறது: டேட்டாஃப்ளோவைத் தரவுப் பாய்வு என்கிறோம், அதே மென்பொருளில் அந்தப் பெயரில் வேறொரு வசதியே உண்டு.

‘வடிப்புக் கடத்தல்’ என்கிறேன். உறவு வடிப்பைக் கடத்துகிறது என்று வினையாகவும் புழங்கலாம். ஒருவழிக் கடத்தல், இருவழிக் கடத்தல் என்று கிளைக்கும். புள்ளிக்கோட்டில் கிடக்கும் செயலற்ற உறவு ‘கடத்தா உறவு’. யூஸ்ரிலேஷன்ஷிப் என்ற டாக்ஸ் சார்பைக் கொடுத்தால் அந்தக் கணக்கீட்டுக்கு மட்டும் கடத்தும்.

*

> கடத்தல்

தங்கக் கடத்தல் நினைவுக்கு வராதா?

*

மின்கடத்தி என்றதும் யாரும் போலீசைக் கூப்பிடுவதில்லையே!

இருவழிக் கடத்தலைத் தரவு மாதிரியிலேயே (அட்டவணைகளும் உறவுகளும் சேர்ந்த அமைப்பிலேயே) நிலையாக வைப்பது வம்பு. இரண்டு அட்டவணைகளுக்கிடையே ஒன்றுக்கு மேற்பட்ட பாதை உண்டாகி, வடிப்பு எந்த வழியாக வந்தது என்பதே குழம்பும். வேண்டிய மெஷரில் (கணக்கீட்டுச் சூத்திரத்தில்) மட்டும், வடிப்பை மாற்றிக் கணக்கிடும் கால்குலேட் சார்புக்குள், உறவின் திசையை மாற்றும் கிராஸ்ஃபில்டர் வைத்தால் போதும். வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு அதுகூட வேண்டாம். விற்பனையில் உள்ள வாடிக்கையாளர் எண்ணையே டிஸ்டிங்க்ட்கவுண்ட் (வேறுபட்ட மதிப்புகளை மட்டும் எண்ணுதல்) செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. இதைச் ‘சூழல் கடத்தல்’ என்று சுருக்காதீர்கள். வரிசைச் சூழல், அதாவது கணக்கீடு இப்போது எந்த வரிசையில் நிற்கிறது என்பது, உறவைத் தாண்டாது. பொருள் அட்டவணையில் ஒரு கணக்கீட்டு நெடுவரிசை போட்டு விற்பனைத் தொகையை வெறுமனே கூட்டினால், ஒவ்வொரு வரிசையிலும் ஒட்டுமொத்தத் தொகையே நிற்கும். கால்குலேட்டால் சுற்றினால்தான் வரிசைச் சூழல் வடிப்பாக மாறும், பிறகே உறவு அதைக் கடத்தும்.