மறு: வரலாற்றை மாற்றப் போகும் காலப்பயணக் கதை - ‘காலத்தலையீடு’ சரிவருமா?

வணக்கம். கடந்த காலத்துக்குப் போய் வரலாற்றை மாற்ற முயலும் கதைகளுக்கும் அவற்றில் வரும் கருத்துகளுக்கும் தமிழ்ச் சொற்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கதை வகையின் பெயர் பற்றி ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘வரலாற்று மாற்றக் கதை’ என்றே வைத்துக்கொள்ளலாமே, யாருக்கும் உடனே புரியும்.

புரியும்தான், ஆனால் இந்தக் கதைகளில் வரலாறு மாறுமா மாறாதா என்பதுதானே கேள்வியே, அதற்கான விடையைப் பெயரிலேயே எழுதிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே பர்ஜவெலின் 1943ஆம் ஆண்டு நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நாயகன் பிரான்சின் தூலோன் துறைமுகம் முற்றுகையிடப்பட்ட காலத்துக்குப் போய் இளம் நெப்போலியனைக் கொல்லப் பார்க்கிறான். நடுவில் ஒரு படைவீரன் வந்துவிட, சாவது அவன். அந்த வீரன் நாயகனுடைய முன்னோன். நெப்போலியனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஐரோப்பிய வரலாறு அப்படியே இருக்கிறது, காணாமல் போனது வரலாற்றை மாற்றப் போனவன்தான். இதை ‘வரலாற்று மாற்றக் கதை’ என்றால் பொருந்துமா? ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் வகையில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டும் கிடைக்காது.

அதனால் முடிவைச் சொல்லாமல் முயற்சியை மட்டும் சொல்கிற சொல்லாக இருக்கட்டும் என்பது என் வாதம். காலத்தலையீடு. வினையாக வேண்டுமென்றால் ‘காலத்தில் தலையிட்டான்’, ஆளைச் சொல்ல ‘காலத்தலையீட்டாளர்’, வகையைச் சொல்ல ‘காலத்தலையீட்டுக் கதை’. எந்த வடிவமும் நாக்கில் தடுக்கவில்லை. தலையீடு என்றாலே வேண்டாத வேலை என்ற வாடை அடிக்கிறது என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். அடிக்கட்டுமே, இந்தக் கதைகளில் பாதி அந்த உறுத்தலைப் பற்றியவைதான். அமெரிக்க எழுத்தாளர் அசிமோவின் 1955ஆம் ஆண்டு நாவலில் நூற்றாண்டுகளுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு வரலாற்றைச் செப்பனிடும் ஒரு அமைப்பு வருகிறது. அவர்கள் செய்வது மிகச் சிறிய வேலை: ஒரு வண்டியின் கிளட்சைச் சிக்க வைத்துவிடுவார்கள், அதனால் ஓர் இளைஞன் ஒரு வகுப்புக்குப் போக முடியாது, அவன் படிப்பு வேறு பக்கம் திரும்பும், ஒரு கருவி கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போகும், கடைசியில் ஒரு போரே நடக்காமல் போய்விடும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இப்படி ஆபத்தை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டதால் மனித இனம் விண்வெளிக்குப் போகும் துணிவையே இழந்துவிடுகிறது. உனக்கு யார் இந்த உரிமையைக் கொடுத்தது என்ற கேள்வி ‘தலையீடு’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, ‘திருத்தம்’ என்ற சொல்லில் அது இல்லை. ‘திரிபு’ வேண்டவே வேண்டாம், வரலாற்றுத் திரிபு என்றால் பொய் வரலாறு எழுதுவது என்ற பொருள் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது.

‘மாற்று வரலாறு’ புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். ஆனால் அது வேறு வகை. அங்கே யாரும் காலத்தில் பயணம் போக வேண்டியதில்லை, உலகம் முதலிலிருந்தே வேறு மாதிரி நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ‘காலவழு’. காலப்பயணத்தால் எழும் முரணுக்கு, அதாவது முன்னோனைக் கொன்றவன் பிறந்ததே எப்படி என்பது போன்ற சிக்கலுக்கு, இதை எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இலக்கணத்துக்குச் சொந்தமான சொல். நேற்று வருவான் என்றால் காலவழு. இன்னும் கிளம்பவே இல்லாத ஒருவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று குரல் கொடுத்தால் அது விரைவு கருதி வந்த காலவழுவமைதி, அதாவது பிழைபோல இருந்தாலும் ஏற்கப்படுவது, நன்னூல் அதற்கு இடம் கொடுக்கிறது. இவ்வளவு துல்லியமாக வரையறுத்து வைத்திருக்கும் ஒரு சொல்லை எடுத்து வேறொன்றுக்குச் சூட்டினால் இலக்கண மாணவரும் குழம்புவார், அறிபுனை (அறிவியல் புனைகதை) வாசகரும் குழம்புவார். முரணுக்கு ‘முரண்புதிர்’ போதும். ‘தாத்தா முரண்’ என்று பலரும் எழுதுகிறார்கள், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பர்ஜவெல் கதையில் சாவது தாத்தா அல்ல, பல தலைமுறைக்கு முந்தியவன். ‘முன்னோர் முரண்புதிர்’ என்றால் எல்லாம் அடங்கும்.

அடுத்து, காரணமும் விளைவும் ஒன்றையொன்று பெற்றெடுக்கும் கதைகள். ‘காரணச் சுழல்’, ‘காரண வளையம்’ இரண்டும் வந்திருக்கின்றன. நான் வளையத்தின் பக்கம். சுழலுக்கு ஒரு மையம் உண்டு, உள்ளே இழுக்கும். வளையத்துக்குத் தொடக்கமே கிடையாது, இங்கே சொல்ல வேண்டியதும் அதுதான். அமெரிக்க எழுத்தாளர் ஹைன்லைன் 1941இல் எழுதிய கதையில் எதிர்காலத்துக்குப் போகிறவனுக்கு அங்குள்ள மொழிக்கான சொற்பட்டியல் ஒரு குறிப்பேட்டில் கிடைக்கிறது. பல ஆண்டுகள் புரட்டிப் புரட்டி அது கிழிந்துபோக, புதிய ஏடு ஒன்றில் படியெடுக்கிறான். பிறகுதான் தெரிகிறது, தன் இளமைக் கையில் வந்து சேர்ந்ததே இந்தப் புதிய ஏடுதான் என்று. அப்படியானால் அந்தச் சொற்களை முதலில் தொகுத்தது யார்? யாரும் இல்லை. சொல் சொல்லாக உட்கார்ந்து தொகுக்கிற நமக்கு இந்தக் கதை கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

இயற்பியலில் இதற்குப் பக்கத்தில் நிற்பது ரஷ்ய இயற்பியலாளர் நோவிகோவின் கொள்கை. அதன்படி முரணை உண்டாக்கும் நிகழ்வு நடக்கவே நடக்காது. ஒரு பில்லியர்ட்ஸ் பந்து புழுத்துளை (காலவெளியின் இரு இடங்களை இணைப்பதாகக் கருதப்படும் குறுக்குவழி) வழியாகக் கொஞ்சம் முந்தைய நேரத்துக்கு வந்து, உள்ளே போகவிருக்கும் தன்னையே இடித்துத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்ததில் முரணில்லாத விடையும் கிடைத்தது: பந்து தன்னை லேசாக உரசுகிறது, அந்த உரசலால் சற்றே சாய்ந்து துளைக்குள் போகிறது, அந்தச் சாய்வினால்தான் வெளியே வரும்போது நேராக மோதாமல் லேசாக உரசுகிறது. இதற்குத் ‘தன்னிசைவுக் கொள்கை’ என்று எழுதுகிறேன். ‘சுய நிலைத்தன்மை’ கூடாது, நிலையாக இருப்பது வேறு, தன்னோடு தான் முரண்படாமல் இருப்பது வேறு.

வரலாறு கிளைவிடும் இடத்துக்குத் ‘திருப்புமுனை’ வேண்டாம், அது சாதாரண வரலாற்றுப் பாடத்திலேயே நூறு இடத்தில் வருகிறது. ‘கிளைப்புள்ளி’ இருக்கட்டும். அமெரிக்க எழுத்தாளர் டி காம்ப் 1939இலேயே இந்த உருவகத்தைப் போட்டுவிட்டார்: கடந்த காலத்துக்குச் சறுக்கி விழுகிறவன் இறங்கும் இடத்தில் அடிமரம் அப்படியே நிற்க, புதுக் கிளை ஒன்று முளைக்கிறது. அவருடைய நாயகன் ஆறாம் நூற்றாண்டு ரோமில் போய் இறங்கி, பிராந்தி காய்ச்சி, கணக்குப் பதிவு சொல்லிக்கொடுத்து, அச்சுக்கூடம் வைத்து, வரவிருக்கும் இருண்ட காலத்தையே தடுக்கப் பார்க்கிறான். கிளைப்புள்ளி, காலக்கிளை, கிளைவரலாறு என்று ஒரு குடும்பமே இதிலிருந்து வரும்.

கடைசியாக, மாற்ற விடாமல் முரண்டு பிடிக்கும் கடந்த காலம். ஸ்டீபன் கிங் 2011இல் எழுதிய நாவலில் கென்னடி கொலையைத் தடுக்கப் போகிறவனுக்கு வண்டி பழுதாகிறது, உடம்புக்கு முடியாமல் போகிறது. மாற்றம் எவ்வளவு பெரிதோ தடையும் அவ்வளவு பெரிதாகிறது. இதற்கு ‘வரலாற்று நிலைமம்’ என்று முன்மொழிகிறேன். நிலைமம் பள்ளி இயற்பியலிலேயே இருக்கும் சொல், நிறை கூடினால் அசைக்க விசையும் கூட வேண்டும் என்ற கருத்தும் இங்கே அப்படியே ஒத்துப்போகிறது. நிலைமம் தானாக எதிர்த்து அடிக்காதே, கிங்கின் கடந்த காலம் அடிக்கிறதே என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. ‘வரலாற்று எதிர்ப்பு’ என்றால் அரசியல் முழக்கம் போல் இருக்கிறது, ‘காலத்தடை’ என்றால் தற்காலிகத் தடை போல் ஒலிக்கிறது. இதைவிட நல்லதாக ஒன்று தோன்றினால் சொல்லுங்கள், இந்த ஒரு சொல்லை மட்டும் திறந்து வைப்போம். மற்றவற்றில் மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், சரி என்று பட்டால் ‘சரி’ என்று ஒரு வரி போட்டாலும் போதும்.